மேற்கு வெளுக்கட்டும்

சி ரூசா பக்கத்து எஸ்டேட்,
ஆகஸ்ட் 1943

அன்பு மகள் சுலைஹாவுக்கு அத்தாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அம்மாவும் தம்பி லியாக்கத் அலியும் உயிரோடும் மானத்தோடும் இருக்கிறோம். பாரிட் புந்தாரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். அம்மாவுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது, கிழங்கையே தின்றால் அப்படித்தான் வருமாம். உங்கள் கடையில் சரக்கே இல்லாதபோது அங்கே என்ன வேலை, நோன்புக்கு முன் எல்லோரும் வந்துவிடுங்கள், இங்கே அரிசியாவது கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறாய். வரமாட்டேன் மகளே. கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேள்.

ரப்பர் வேலை நின்றபின் எங்கள் லயத்து வீடுகளுக்கெல்லாம் மரவள்ளிக்கிழங்கு வேலைதான். சீவிக் காயவைத்து மாதாமாதம் ஜப்பான்காரனுக்கு மூட்டை கட்டிக் கொடுக்க வேண்டும். குறைந்தால் லயத்து இளவட்டங்களை, போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றுவார்கள். பால் மரம் வெட்டத் தெரியாத கடைக்காரன் மகன் என்று உன் தம்பி பெயரை முதலில் எழுதிவைத்திருக்கிறார்கள், அவனுக்கு வெளியூர் போகச் சீட்டும் கிடையாது. ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்தை வெள்ளைக்காரன் ஓடும்போதே கொளுத்திவிட்டதால் வெயிலை விட்டால் வழியில்லை. நனைந்த சீவல் கறுத்துப் புளித்துவிடும், அதிகாரி மூட்டையைக் காலால் உதைப்பான்.

இதில் டோக்கியோ மணி வேறு. கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்துவிட்டதால் வேலைக்கு மணி அடிக்கும்போது கும்மிருட்டு. அந்த இருட்டிலேயே சீவலைப் பாயில் பரப்பச் சொல்கிறார் வேலை வாங்கும் மண்டோர் மாயாண்டி. மேற்கு வெளுக்காமல் பரப்பமாட்டேன் என்றேன். நம் ஜனங்களுக்கு மழை என்றால் கிழக்குதான். ஊரில் வங்கக் கடலைப் பார்த்துப் பழகியவர்கள், கிழக்கே சூரியனைக் கும்பிட்டு, அந்தப் பக்கம் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். இந்தக் கரையில் காலை மழை சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி அவர்கள் முதுகுப்பக்கம் வருகிறது. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சுபுஹு தொழுதுவிட்டு வெளிச்சம் வரும்வரை அதே பாயில் இருப்பேன், கிப்லா மேற்கே, எதிரே அந்த வானம். மேகம் சுருட்டிய பாய் போலத் தாழ்ந்து, வில்லாக வளைந்து, அடி கறுத்து வந்தால் உலை கொதிக்கும் முன் காற்றும் மழையும் வந்துவிடும். சிறு பஞ்சுத் துண்டுகளானால் பயமில்லை. மலைப்பக்கம் கோபுரமாக எழும்பி, தலை கொல்லன் பட்டறைக் கல்லாகத் தட்டையானால் பிற்பகலில் இடி, அதற்குள் அள்ளிவிட வேண்டும்.

இரண்டு முறை வில் மேகம் என்று நிறுத்திவைத்தேன், மழை வரவில்லை. மேகம் வந்தது, கடலிலேயே கலைந்தது, அதற்கு நான் பொறுப்பா? மாயாண்டி எல்லோர் முன்னும், "பாய், நீங்க மானத்தப் பாத்துக்கிட்டே இருங்க, ஒங்க மவன் சயாம் போயி சேந்துருவான்லா" என்றார். லியாக்கத்தே, "விடுங்கத்தா, எல்லாரோடயும் பரப்பிருவோம்" என்றான். நான் விடவில்லை. போன வெள்ளிக்கிழமை மற்றவர்களுடையது பாயில், எங்கள் பங்கு மூட்டைக்குள். வில் வந்தது. நான் கத்தியதும் பக்கத்து வீட்டு முத்தாயி இடுப்புப் பிள்ளையை இறக்கிவிட்டு ஓடினாள், நானும் மாயாண்டியும் ஒரே பாயை இரண்டு முனையில் பிடித்து இழுத்தோம், பாதிதான் தப்பியது. எங்கள் சீவலையும் சேர்த்த பிறகுதான் மூட்டை நிறைந்தது, இந்த மாதம் யாரும் சயாம் போகவில்லை. நன்றி சொன்னார்களா? "பாய் வாய வச்சாரு, மழ வந்துருச்சு" என்கிறார் மாயாண்டி. ஆனால் மறுநாளிலிருந்து மணி அடித்ததும் என் வாசலில் வந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. நான் கூடையைத் தூக்கினால் அவர் போய்ப் பாய் விரிக்கச் சொல்கிறார்.

அடுத்த மாதமும் மூட்டை கேட்பான், அதற்கடுத்த மாதமும் கேட்பான். பிள்ளையை இங்கே விட்டுவிட்டு உன் வீட்டுச் சோறு என் தொண்டையில் இறங்காது. இனி இதைப் பற்றி எழுதாதே. அம்மாவின் கால் வீக்கத்துக்கு முடிந்தால் கொஞ்சம் தவிடு அனுப்பு. நெல் காயப்போடும் நாளில் நீயும் தொழுத பாயிலேயே வெளிச்சம் வரும்வரை உட்கார்ந்திரு, உன் ஊரிலும் கடல் மேற்கேதான். பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் அல்லாஹ் தருவானாக. சயாம் பட்டியலில் தம்பி பெயர் முதலில் இருக்கிறது, உன் துஆவிலும் முதலில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தா,
நாகூர் கனி