எறும்பு வரிசையும் பல் டாக்டரின் புள்ளியும்

மே மாதம் 10, ஞாயிற்றுக்கிழமை, காலை 11.20. சுவரில் இதுவரை ஒட்டியது 36. கெடுத்துக் குப்பையில் போட்டது 22.

அன்புள்ள நட்டு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வலது கட்டைவிரலில் பிளேடு கீறியதைத் தவிர. நீயும் அம்மாவும் நன்றாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன், இல்லையென்றால் பதிலின் முதல் வரியில் அதைச் சொல். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் நாலு வாக்கியம் பேசினால் நீ நாலு "ம்" போடுகிறாய், ஐந்தாவது வாக்கியத்துக்கு "இருங்க, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று கைமாற்றிவிடுகிறாய். கடிதத்தில் பாதியில் "ம்" போட முடியாது, அதனால் கடிதம். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது என்று தெரியும், பொறுத்துக்கொள்.

மூன்று வாரத்துக்கு முன்னால், லீவுக்கு ஒரு மாதம் இங்கே வந்து இரு என்று கூப்பிட்டபோது நீ சொன்னது இது: "அங்க எனக்கு என்னப்பா இருக்கு? அது உங்க வீடு. நான் வந்தா விருந்தாளி மாதிரி சோபாவுல உக்காந்துட்டுப் போகணும்." எனக்குச் சுர்ரென்று ஏறியது, அதனால்தான் சரி யோசித்துச் சொல் என்று டக்கென்று வைத்துவிட்டேன். வைத்துவிட்டு, நீ சொன்னது தப்பு என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள உன் அறைக்குப் போனேன். உன் அறை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற அந்த அறையில் துணி காயப்போடும் ஸ்டாண்ட் இருந்தது, என் டூல் பாக்ஸ் இருந்தது, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பிரிக்காத அட்டைப்பெட்டிகள் இருந்தன. கட்டில் இருந்தது, அதன் மேல் இஸ்திரி போட வேண்டிய துணி மலை மாதிரி கிடந்தது. உன்னுடையது என்று சொல்ல ஒரு பென்சில் கூட இல்லை. நானும் அம்மாவும் இரண்டு வீடாகப் பிரிந்தபோது உனக்கும் இரண்டு வீடு ஆகிவிட்டது என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்குத் தப்பு. உனக்கு ஒரு வீடும், எனக்கு ஒரு வீடும் ஆகியிருந்தது, அவ்வளவுதான். அதைச் சரி செய்ய ஆரம்பித்தேன், அதன் கதைதான் இந்தக் கடிதம்.

முதல் தடை வீட்டுக்காரம்மா. கீழ்த்தளத்தில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிற டாக்டர்தான் வீட்டுக்காரம்மா, உனக்குப் போனில் சொல்லியிருக்கிறேன். குடிவந்த அன்றே சொல்லிவிட்டார், ஆணி கூடாது, பெயின்ட் கூடாது என்று. "நாள் முழுக்க அடுத்தவங்க பல்லுல ஓட்டையைப் பார்த்துட்டு வரேன். என் வீட்டுச் சுவத்துலயும் ஓட்டையைப் பார்க்க என்னால ஆகாது" என்றார். அப்படியானால் வெறும் வெள்ளைச் சுவரை வைத்து என்ன செய்வது என்று உன் அத்தையிடம் புலம்பினேன். அத்தை பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலுக்குப் பெயர் ஸ்டிக்கர் வெட்டிக் கொடுக்கிறாள் அல்லவா, அந்த மெஷினையே தூக்கிக்கொண்டு வந்து என் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். "சுவத்துல ஒட்டலாம், வேணாம்னா உரிச்சுடலாம், தடமே தெரியாது. ஆனா ஒண்ணு, என் மெஷினைத் திறந்து உள்ள என்ன இருக்குன்னு பார்த்தே, கையை உடைப்பேன்" என்றாள். திறந்து பார்க்கவில்லை. ஒரு தடவைதான் பார்த்தேன், அவள் கை கழுவப் போனபோது.

பார்க்க பிரின்டர் மாதிரி இருக்கும், மைக்குப் பதிலாக ஒரு குட்டி பிளேடு. வினைல் என்பது பின்பக்கம் பசையும் அதற்குக் கீழே காகிதமும் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள். கம்ப்யூட்டரில் நீ வரைந்ததை பிளேடு அப்படியே வெட்டும், ஆனால் மேல் தாளை மட்டும் வெட்ட வேண்டும், அடிக் காகிதத்தைத் தொடக்கூடாது, சூட்சுமம் முழுக்க அங்கேதான். வெட்டி முடித்ததும் உருவத்தைச் சுற்றியுள்ள வேண்டாத வினைலை உரித்தெடுக்க வேண்டும், அத்தை இதைக் களை எடுப்பது என்கிறாள். மிஞ்சியதை ஒரு பசை டேப்பால் ஒற்றியெடுத்து, சுவரில் வைத்துத் தேய்த்து, டேப்பை மட்டும் உரித்தால் வேலை முடிந்தது. கேட்க எவ்வளவு சுலபம்! முதலில் மூலையில் ஒரு சின்ன வட்டம் வெட்டி பிளேடின் ஆழத்தைச் சோதித்துப் பார் என்றாள் அத்தை. நான் பாக்கிங் மெஷின்களுக்கு பிளேடு பொருத்துகிறவன், எனக்கா சோதனை என்று நேரே ஓட்டினேன். வினைலையும் வெட்டி, காகிதத்தையும் வெட்டி, அதற்கு அடியில் வைக்கும் ஒட்டுப்பாயையும் சேர்த்து வெட்டிவிட்டது. அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எஞ்சினியராம்! ஒரு வட்டம் வெட்டிப் பார்க்கப் பொறுமை இல்லையாம்! நீ பொருத்துற மெஷினெல்லாம் எப்படிடா ஓடுது?" ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது, அது வேறு விஷயம்.

ஆழத்தைச் சரி செய்து, உன் பெயரை வெட்டினேன். வீட்டுப் பெயர்தான், பள்ளிக்கூடப் பெயர் இல்லை. உன் அறைக் கதவில் மஞ்சள் எழுத்தில் ஒட்டிவிட்டு, தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன், எனக்கே பெருமையாக இருந்தது. அத்தை வந்தாள், பார்த்தாள், "யாரைடா நடக்கச் சொல்றே?" என்றாள். புரியவில்லை. "'நடடு'ன்னு ஒட்டியிருக்கே. நடடா, நடடி கேள்விப்பட்டிருக்கேன், இது என்ன புதுசா நடடு?" அப்போதுதான் பார்த்தேன், ட-வுக்கு மேலே புள்ளி இல்லை. களை எடுக்கும்போது வேண்டாததோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. அரிசிமணி அளவுதானே, பிடித்து நிற்க அதற்குப் பசை போதாது. தமிழில் ஒரு வார்த்தைக்குள் எத்தனை புள்ளி இருக்கிறது என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. அத்தை பாட்டிலுக்குப் பெயர் வெட்டும்போது புள்ளியை டூத் பிக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றதை உரிக்கிறாளாம். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீ கேட்டியா?" என்றாள்.

இனிமேல்தான் கூத்தே. தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க டாக்டர் மாடிக்கு வந்தவர், உன் கதவைப் பார்த்துவிட்டார். போச்சு, காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நகத்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார், உரிந்து வந்தது, தடம் இல்லை. அப்படியே இறங்கிப் போனார். மறுநாள் கூப்பிட்டு அனுப்பி, கீழே கண்ணாடிக் கதவில் பழைய எழுத்து உதிர்ந்துவிட்டது, அங்கே பல் மருத்துவர் என்று வெட்டி ஒட்டித் தர முடியுமா என்றார். உன் அறைச் சுவரிலும் இப்படி ஒட்டலாமா என்று கேட்டேன், இது நன்றாக வந்தால் யோசிக்கிறேன் என்றார். உனக்குப் புரிகிறதா, உன் அறைச் சுவர் முழுக்க அந்த ஒரு கதவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வெட்டினேன், அவசரத்தில் களை எடுத்தேன், அவசரத்தில் ஒட்டினேன். த-வுக்குப் புள்ளி இருக்கிறதா, இருக்கிறது. ர-வுக்கு, இருக்கிறது. கிளம்பிவிட்டேன். முதல் வார்த்தையில் இரண்டே எழுத்து, அதைப் போய் யார் பார்ப்பார்கள்? 'பல் மருத்துவர்' அல்ல, 'பல மருத்துவர்' என்று கதவு பளபளத்துக்கொண்டிருந்திருக்கிறது. பத்து மணிக்கு வந்த ஒரு பெரியவர் கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். டாக்டர் உள்ளே கூப்பிட்டதும், "நீங்க வேணாம்மா, போன தடவை நீங்கதான் ரொம்ப வலிக்கப் பிடுங்கினீங்க. பல மருத்துவர்னு போட்டிருக்கு இல்ல, மத்தவங்க எப்ப வருவாங்க? நான் காத்திருக்கேன்" என்றாராம். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லையாம், கதவில் போட்டிருப்பது பொய்யா என்று சண்டைக்கே வந்துவிட்டாராம்.

சாயங்காலம் நான் படியேறும்போது டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார், கையுறை கூடக் கழற்றவில்லை. "என் புள்ளி எங்க?" என்றார். எந்தப் புள்ளி என்றேன். கதவைக் காட்டினார். உன் சுவர் போச்சு என்று முடிவே செய்துவிட்டேன். அப்போது அவர் என் கையையே பார்த்தார். என் சட்டையின் முழங்கைப் பக்கம் நீலமாக ஒரு புள்ளி. நாள் முழுக்க அதை ஒட்டிக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன், மேனேஜருக்குக் கை கொடுத்திருக்கிறேன், ஒருத்தன்கூடச் சொல்லவில்லை. டாக்டர் தன் இடுக்கியாலேயே அதைப் பிடித்து எடுத்தார், பல்லில் மாட்டியதை எடுப்பது போல அவ்வளவு நிதானமாக. எடுத்துக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். நிற்கவில்லை, பசை முழுக்க என் சட்டையில்தான் இருந்தது. அதற்கப்புறம் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "போங்க, உங்க பொண்ணு ரூம் சுவத்துல என்ன வேணாலும் ஒட்டிக்குங்க. ஆனா நாளைக்குக் காலையில எனக்கு என் புள்ளி வந்தாகணும்" என்றார். ஆபீசில் காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்ச் இருக்கிறது பார், மிச்ச வினைலை அதில் வைத்து அமுக்கினால் அச்சு அசலாக வட்டம் விழுகிறது. இப்போது எனக்குப் புள்ளிப் பஞ்சமே இல்லை, ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன். அத்தைக்கும் கொஞ்சம் கொடுத்தேன். டூத் பிக்கை விட இது மேல் என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு மனசில்லை, ஆனால் டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

சுவர் கிடைத்தது, அதில் எதை ஒட்டுவது? உன்னைக் கேட்டேன், "எதுவும் வேணாம்" என்றாய். கடையில் விற்கிற பூவும் வண்ணத்துப்பூச்சியும் உனக்கு ஆகாது, எனக்கும் ஆகாது. அந்த வாரம்தான் பின்னக் கணக்கில் சந்தேகம் என்று நோட்டைப் படம் எடுத்து அனுப்பினாய். விடையைச் சொல்லிவிட்டேன், அதற்குப் பிறகுதான் ஓரத்தைப் பார்த்தேன். எறும்புகள். ஒன்று குடை பிடித்திருக்கிறது, ஒன்று கண்ணாடி போட்டிருக்கிறது, ஒன்று திரும்பிப் பின்னால் வருவதைத் திட்டுகிறது, ஒன்று "நான் வரல" என்கிற மாதிரி மல்லாந்து படுத்து ஆறு காலையும் தூக்கிக்கொண்டிருக்கிறது. எண்ணினேன், ஒன்பது. உன்னைக் கேட்காமல் அந்த ஒன்பதையும் பெரிதாக்கி வெட்டினேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், அதனால் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். பிடிக்கவில்லை என்றால் சொல், ஹேர் டிரையரைக் காட்டினால் பத்து நிமிடத்தில் உரிந்துவிடும், எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது. இன்னொன்று, நீ வரைந்த கால்கள் ரொம்ப மெலிசு, வெட்டும்போது கிழிகிறது, அதனால் கொஞ்சம் தடிமனாக்கினேன். யானைக்கால் எறும்பு என்று திட்டாதே.

கதவு நிலையில் ஆரம்பித்து, ஸ்விட்ச் போர்டைச் சுற்றி, கட்டிலுக்கு மேலே ஏறி வரிசை போகிறது. ஒன்பதும் தீர்ந்ததும் அதே ஒன்பதைத் திரும்ப ஒட்டினேன், அப்புறம் இன்னொரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. அத்தை பார்த்துவிட்டு, "என்னடா இது, ஒரே ஆளு நாலு தடவை கியூவில நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். சரி, நானே ஒன்று வரைகிறேன் என்று உட்கார்ந்தேன். போல்ட்டுக்குக் கால் முளைத்தது போல வந்தது, அதுவும் குப்பைக்குப் போன இருபத்திரண்டில் சேர்ந்துவிட்டது. ஜன்னலுக்கு இரண்டு கை நீளம் இருக்கும்போது வரிசை நின்றுவிட்டது. மிச்சச் சுவர் வெள்ளையாகக் கிடக்கிறது. இத்தனை பேர் கிளம்பி எங்கே போகிறார்கள், ஜன்னலில் என்ன இருக்கிறது, குடை எதற்கு, அந்த மல்லாந்து கிடக்கிறவனுக்கு என்ன கோபம், எனக்கு ஒன்றும் தெரியாது. உனக்கு மட்டும்தான் தெரியும். நான் இதற்கு மேல் வெட்டப் போவதில்லை. மெஷினை இன்னும் இரண்டு மாதம் வைத்துக்கொள்ள அத்தை சம்மதித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் டிக்கெட் எடுக்க வேண்டும், ஆனால் போவதும் போகாததும் உன் இஷ்டம் என்று அம்மா எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். அதில் எனக்கும் ஒரே கருத்து, நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போவது ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிற சங்கதி, குறித்து வைத்துக்கொள். எனக்காகப் பாவம் பார்த்து வராதே. வர வேண்டும் போல இருந்தால் வா. அம்மா சொல்வதைக் கேள், வாய்க்கு வாய் பேசாதே, அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது என்று எனக்குத்தான் திட்டு விழுகிறது. பின்னத்தைக் கூட்டும்போது மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டாதே, மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன். ராத்திரி படுக்கும் முன் பல் தேய். நீ எங்கே இருந்தாலும் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, நினைத்ததை நினைத்தபடி வரைந்துகொண்டு, நூறு வயசு நன்றாக இரு. நோட்டின் ஓரத்தில் வரைவதற்கு டீச்சர் திட்டினால் என்னிடம் பேசச் சொல்.

முத்தங்களுடன்,
அவசரக்காரன், உன் அப்பா

இனி நான் செய்யப்போவது:

1. இஸ்திரித் துணியையும் ஸ்டாண்டையும் என் அறைக்கு மாற்றுவது. இன்றைக்கே.
2. உன் கதவில் ட-வுக்குப் புள்ளி வைப்பது. வைத்துவிட்டு, இரண்டு தடவை பார்ப்பது.
3. கருப்பு வினைல் இன்னொரு ரோல் வாங்குவது. வேறு நிறம் வேண்டுமென்றால் சொல்.
4. இந்த வீட்டு வாசல் சாவிக்கு நகல் எடுத்து உனக்குத் தபாலில் அனுப்புவது.
5. வெள்ளிக்கிழமை நீ கூப்பிடுவாய் என்று என் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. வருகிறேன் என்றால் ஸ்டேஷனில் நிற்பேன். வரவில்லை என்றால் ஐந்தை மட்டும் அடித்துவிடுவேன், ஒன்று முதல் நாலு வரை அப்படியே நடக்கும். சாவியைத் திருப்பி அனுப்பாதே.