புருவத்தில் ஒரு பிறை

என்னங்க,

சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டேன், கையை விட்டு அந்த வாசனை போகவில்லை. துப்பாக்கிக் குழாய் துடைக்கும் மருந்தின் வாசனை. நீங்கள் கராஜில் உட்கார்ந்து துடைக்கும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு திட்டுவேனே, அதேதான். இன்று மதியம் லுஹர் தொழுதுவிட்டு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து நானே துடைத்தேன். முதலில் என்னுடையது, பிறகு உங்களுடையது. உங்கள் துப்பாக்கியில் குறி பார்க்கும் ஸ்கோப்பின் விளிம்பில் காய்ந்துபோன ஒரு துளி ரத்தம் இருந்தது. உங்களுடையது அல்ல. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் அந்தத் துப்பாக்கியை வாங்கிய நாளை நான் மறக்கவில்லை. ஆளுக்கொரு மான் அடித்து ஹலாலாக வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று நம் பள்ளிவாசல் ஆட்கள் ஆறு பேரும் கிளம்பிய வருடம். மற்றவர்கள் சடசடவென்று சுடுவதை வாங்கினார்கள். நீங்கள் மட்டும் போல்ட் ஆக்‌ஷன்தான் வேண்டும் என்றீர்கள். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும் அல்லவா, அந்த நேரத்தில் ஒரு பிஸ்மில்லா சொல்லலாம். "ஒரு குண்டுக்கு ஒரு பிஸ்மில்லா. அவசரப்பட்டாத்தான் ஹராம்" என்றீர்கள். அன்று உங்களை எவ்வளவு பிடித்திருந்தது எனக்கு!

ரவுண்ட் ராக் ஊர்த் துப்பாக்கிக் கடையில் நீங்கள் முதலில் எடுத்துத் தோளில் வைத்தது ஆறரை மில்லிமீட்டர் குண்டு போடுவது. லேசானது, சுடும்போது தோளில் விழும் உதை குறைந்தது. உங்கள் உடம்போடு ஒட்டிக்கொண்டது. "இது நல்லா உக்காருதுங்க" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, உங்கள் சிநேகிதர் குறுக்கே வந்தார். கூடப்பிறந்த அண்ணனைப் போல நான் நானா என்று கூப்பிட்ட மனிதர்.

"மச்சான், இது பொம்பளைங்க துப்பாக்கி. டெக்ஸாஸுக்கு வந்து இதையா வாங்குவே? முந்நூறு மேக்னம் எடு. மானு என்ன, மலையே சாயும்."

பிறகு என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, பிரியாணிக்கு அரிசிய நீங்க செலக்ட் பண்ணுங்க, துப்பாக்கிய நாங்க பாத்துக்குறோம்" என்றார். கடையே சிரித்தது. நீங்களும்தான் சிரித்தீர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

கடைசியில் மேக்னத்தைத்தான் வாங்கினீர்கள். சுட்டுப் பழகும் ரேஞ்சில் முதல் குண்டுக்கே அது உதைத்த உதையில் ஸ்கோப் விளிம்பு உங்கள் வலது புருவத்தைப் பிறை போல வெட்டியது. அதற்குப் பிறகு விசையைத் தொட்டாலே உங்கள் கண் தானாக மூடிக்கொண்டது. காட்டிலும் அப்படித்தான். குண்டு மானின் பின்னங்காலில் பட்டது. அது முட்புதருக்குள் ஓடிவிட்டது. இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "ஒரு உசுர நொண்டியாக்கி விட்டுட்டு வந்துட்டேன்" என்று தொழுகை விரிப்பில் உட்கார்ந்து அழுதீர்கள். அதோடு துப்பாக்கியைத் தொடவில்லை.

அந்த மனிதரோ விடவில்லை. ஒவ்வொரு நோன்பு திறப்பிலும் கஞ்சிக் கோப்பையை ஸ்கோப் மாதிரி கண்ணில் வைத்து நடித்துக் காட்டுவார். "மச்சான் புருவத்துல பிறை தெரிஞ்சிடுச்சு, நாளைக்குப் பெருநாள்!" நீங்கள் தலையைக் குனிந்து கஞ்சி குடிப்பீர்கள். துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது யார் என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். உங்களுக்கு அந்த வாய் கிடையாது.

உங்கள் நாற்பதாம் நாள் பாத்திஹா அன்று நான் உள்ளே தேங்காய்ச் சோற்றுக்குத் தம் போட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் இருந்து அவர் குரல் கேட்டது: "பிறை தெரிஞ்சிடுச்சு..." தொடர்ந்து சிரிப்பு, இறந்த வீடு என்பதால் அடக்கிய சிரிப்பு. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உங்களைப் படைத்தவனிடமே சொன்னேன்: ரப்பே, இதை நான் பொறுக்க மாட்டேன்.

நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்த இத்தா முடிந்து நான் தனியாக முதலில் போன இடம் அந்தக் கடைதான். முக்காட்டோடு நின்றேன். கடைக்காரக் கிழவர் சிரிக்கவில்லை. "கண்ணை மூடிக்கொண்டு தோளில் வையுங்கள், பிறகு திறங்கள். ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிந்தால் அது உங்களுடையது" என்றார். ஏழு துப்பாக்கி வைத்துப் பார்த்தேன். சிலவற்றின் பின்கட்டை என் கைக்கு நீளம். குறி பார்த்துச் சுடுவதற்கென்றே செய்த ஒன்று அருமையாக நின்றது, ஆனால் அதன் கனத்தைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடக்க முடியாது. மிக லேசானதோ மூச்சு விட்டாலே ஆடியது. இரண்டுக்கும் நடுவில், கண்ணைத் திறந்ததும் முழு வட்டம் காட்டியது ஒன்றே ஒன்று. ஆறரை மில்லிமீட்டர். உங்களுக்கு வாங்க விடாத அதே பொம்பளைத் துப்பாக்கி.

வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு குண்டையும் எழுதினேன். காற்று, தூரம், எங்கே பட்டது, ஏன் விலகியது. நூலகத்துப் புத்தகங்களை அகராதியோடு படித்தேன். முதல் பக்கத்தில் எழுதிய முதல் வரி: கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நாலு விரல் இடைவெளி, குறைந்தால் உதையில் புருவம் கிழியும். போன வேட்டைப் பருவத்தில் ஒரே பிஸ்மில்லாவில் ஒரு மான் விழுந்தது. சிரித்த வீடுகளுக்கெல்லாம் கறி அனுப்பினேன்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் சிநேகிதர் வந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாக வந்து மன்னிப்புக் கேட்பார்களே, அதற்காக.

"தங்கச்சி, தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் செஞ்சிருந்தா பொறுத்துக்கங்க."

எல்லோரும் உடனே பொறுத்தாச்சு என்பார்கள். நான் சொல்லவில்லை.

"எதைன்னு சொல்லுங்க நானா."

"பொதுவாத்தான் தங்கச்சி..."

"நீங்க பொதுவாச் சிரிக்கலையே."

அவர் முகம் செத்துவிட்டது. மகள் மாடிப்படியில் நின்று, "உம்மா, ப்ளீஸ், லெட் இட் கோ" என்றாள். நான் கேட்டது ஒன்றுதான்: "சனிக்கிழமை உங்ககூட வேட்டைக்கு வந்த மத்த நாலு பேரோட ரேஞ்சுக்கு வாங்க. நீங்க எடுத்துக்குடுத்த துப்பாக்கிய நீங்க அஞ்சு தடவ சுடுங்க. பொறுத்துடுறேன்."

"இவ்வளவுதானா?" என்று சிரித்தார். அவர் அந்த மேக்னத்தை அதுவரை ஒரு தடவைகூடச் சுட்டதில்லை என்று சிரித்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் நான் சுட்டேன். நூறு கஜத்தில் ஐந்து குண்டு. ஒரு பேரீச்சம்பழம் வைத்து மறைக்கலாம் ஐந்தையும். பிறகு அவர் உட்கார்ந்தார். ஆர்வத்தில் முகத்தை முன்னால் தள்ளினார். நான் பக்கத்திலேயே நின்றேன். இடைவெளி இரண்டு விரல்கூட இல்லை. பார்த்தேன். என் வாய் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, பின்னால் நகருங்கள் நானா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஓதிக்கொண்டே இருந்தேன்.

வெடித்தது. வலது புருவம், அதே இடம். நாலு பேரில் ஒருவர் தன்னை மறந்து, "மச்சான், பிறை!" என்றார். சிரிப்பு வெடித்தது. அவர் தலையைக் குனிந்தார், நீங்கள் கஞ்சிக் கோப்பைமேல் குனிந்தது போலவே. என் நெஞ்சு குளிர்ந்ததுங்க. பொய் சொல்ல மாட்டேன், ஜம்ஜம் தண்ணீர் குடித்தது போலக் குளிர்ந்தது.

"மிச்சம் நாலு வேணாம் நானா. பொறுத்துட்டேன்" என்று சொல்லிக் கைப்பையிலிருந்து பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் அதையே பார்த்தார். பிரிக்காத புதுப் பெட்டி.

"பஞ்செல்லாம் எடுத்து வச்சுட்டுத்தான் கெளம்புனீங்களா தங்கச்சி?"

நான் குனிந்து வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கினேன்.

இப்போது அவர் மக்காவில் இருக்கிறார், இஹ்ராம் துணியும் புருவத்தில் தையலுமாக. ஹஜ்ஜுக்கு நாம் சேர்ந்து போக வேண்டும் என்றிருந்தோமே, மகள் நேற்று கேட்டாள்: "உம்மா, அடுத்த வருஷம் நீங்க அப்ளை பண்ணலாமே?" பிறகு பார்க்கலாம் என்றேன். அப்படிப் போகிற வருடம் நான் அவர் வாசலில் போய் நிற்க வேண்டும். பொறுத்துக்கங்க நானா என்று நான் சொல்ல வேண்டும். அந்தப் பிறைத் தழும்போடு அவர் என்னைப் பார்த்துக் கேட்பார்: "எதைன்னு சொல்லுங்க தங்கச்சி."

சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. இரண்டு துப்பாக்கிக்கும் எண்ணெய் போட்டு உள்ளே வைத்துவிட்டேன். அந்த ஒரு துளியை மட்டும் துடைக்கவில்லை.