ஆணியில் தங்கிய தொப்பி

என் உயிரான வசந்தி அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் இருக்கிற இடத்தில் மூச்சு முட்டாமல் இருந்தால் போதும். இங்கே ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்கிறது. நான் வாசல்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கை எழுதுகிறது, கண் மட்டும் கதவுக்குப் பக்கத்துச் சுவரை விட்டு நகரவில்லை. அங்கே ஆணிகளில் ஒரு கண்ணாடி, ஒரு துப்பட்டா, ஒரு வாட்ச், ஒரு தொப்பி, ஒரு அடையாள அட்டை தொங்குகின்றன. அந்த அட்டை நம் பேத்தி தீபாவுடையது.

நீங்கள் அவளைப் பார்த்ததில்லை. வசந்தியின் மகள். உங்கள் மூக்கு, உங்கள் பிடிவாதம். வாரம் முழுக்க ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாள். ஞாயிறானால் அங்கிருந்து பத்துப் பேரைக் கூட்டி வந்து நம் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தைச் சுற்றிக் காட்டுகிறாள். சுரங்கத்தை மூடிவிட்டார்கள் என்று உங்களுக்கு முன்பே சொல்லி அழுதிருக்கிறேன். இப்போது அதன் துருவைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். எனக்குப் பெருமைதான். ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

நீங்கள் இறங்கிய பழைய ஷாஃப்ட் குழிக்குப் பக்கத்தில் மண் உள்வாங்குகிறதே, அங்கேதான் எல்லாரும் போட்டோ எடுக்க ஆசைப்படுகிறார்கள். கம்பி வேலி அறுந்து கிடக்கிறது. வந்தவர்கள் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுப்பார்கள். சாக்லேட்டுக்காகப் பிள்ளைகள் முன்னால் ஓடி வேலியின் ஓட்டையைக் காட்டிக் கொடுக்கும். கொடுக்கிறவர்களுக்கு அது தெரியுமா?

அதனால்தான் நான் ஒரு வழக்கம் வைத்தேன். நீங்கள் ஷிஃப்ட்டுக்குப் போகும்போது பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டு விளக்கு வாங்குவீர்கள். மேலே வந்து விளக்கைக் கொடுத்தால் டோக்கன் கைக்கு வரும். டோக்கன் பலகையில் இருந்தால் ஆள் கீழே என்று அர்த்தம். அதே போலத்தான். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் தங்கள் பொருள் ஒன்றை என் வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போகவேண்டும், திரும்பி வந்து எடுத்துக்கொள்ளவேண்டும். அஞ்சாவது படித்தவள் போட்ட சட்டம், படித்தவர்கள் எல்லாரும் கேட்டு நடந்தார்கள். போன மாதம் வரைக்கும்.

அந்த மாதம் ஒரு ஞாயிறு, எல்லாரும் எடுத்துக்கொண்டு போனபிறகு ஒரு சிவப்புத் தொப்பி மட்டும் ஆணியில் நின்றது. கிரண் என்று ஒரு கன்னடத்துப் பையனுடையது. போன் போட்டால் அணைந்திருக்கிறது. தீபாவின் முகம் வெளுத்துப் போனது.

"ஆயா, ஷாஃப்ட்டாண்ட போட்டோ எடுக்கணும்னு சொல்லிக்கினே இருந்தார்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஓடிவிட்டாள். என் முட்டிக்கு ஓட்டம் ஏது? பக்கத்து வீட்டு மேரி அக்காவைக் கூவினேன். நம் லைன் வீடுகள் முழுக்கத் திரண்டு ஓடியது, அந்தக் காலத்தில் விபத்துச் சங்கு ஊதினால் ஓடுவோமே, அதே ஓட்டம். நான் கடைசியில் போய்ச் சேர்ந்தபோது தீபா வேலிக்கு உள்ளே நின்று அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் மண் சரிந்தது. ஒரு கால் முட்டி வரைக்கும் உள்ளே போனதை நான் பார்த்தேன். வசந்தி அப்பா, அந்த நொடியில் உங்களைத்தான் கூப்பிட்டேன். கேட்டதா?

மேரி அக்கா தரையில் படுத்துப் புடவைத் தலைப்பை வீசினாள். "புடிச்சிக்கடி! சிங்காரிச்சிக்கினு நிக்காத!" தீபா அதைப் பிடித்து ஊர்ந்து வந்தாள். அவளுடைய ஒரு செருப்பு இன்னும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது.

வீடு திரும்பியதும் போன் அடித்தது. கிரண் ரயிலில் உட்கார்ந்திருக்கிறான், பங்காருபேட்டையைத் தாண்டிவிட்டானாம்.

அடுத்த ஞாயிறு வந்து என் எதிரில் நின்றான். "அஜ்ஜி, அது புதுத் தொப்பி. உங்க ஊரை இவ்வளவு பார்த்தேன், ஏதாவது கொடுக்கணும்னு தோணுச்சு. பசங்களுக்கு ஆகட்டும்னு விட்டுட்டுப் போனேன்."

"குடுக்கறதுன்னா கையில குடுப்பா. ஆணியில இருந்தா ஆள் கீழ கீறான்னு அர்த்தம்."

அவன் கண் சுவருக்குப் போனது. உங்கள் போட்டோவுக்குக் கீழே மாட்டியிருக்கும், பலகையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்த பித்தளை டோக்கனைப் பார்த்தான். "இது?"

"அவரு இன்னும் மேல வரல."

டோக்கனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான், "அப்போ நாங்க என்னதான் கொடுக்கறது அஜ்ஜி?"

மேரி அக்கா விட்டாளா? "பழைய துணி வாணாம், சாக்லேட்டும் வாணாம். எங்க பசங்க பந்து பொறுக்க அந்தக் குழியாண்டதான் ஓடுதுங்க. வேலி போட்டுக் குடு. நீயே வந்து கம்பம் நடு. ஆனா ரொம்ப ஆழமா தோண்டிடாத, தங்கம் வந்துட்டா உன்ன பிடிக்க முடியாது!"

அவன் சிரிக்கவில்லை. கேட்டதைச் செய்தான். தீபா சுரங்க ஆபீசுக்கு அலைந்து அனுமதி வாங்கினாள். இன்றைக்குப் பெங்களூர்க்காரர்களும் நம் லைன் ஆட்களும் சேர்ந்து, சரிந்த இடத்துக்கு ரொம்பத் தள்ளிக் கம்பம் நடப் போயிருக்கிறார்கள். சிவப்புத் தொப்பியும் காலையில் ஆணிக்கு வந்தது.

இதை எழுதும்போதே ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். துப்பட்டா போனது, வாட்ச் போனது, கண்ணாடி போனது. கிரண் தொப்பியை எடுத்து இரண்டு கையாலும் எனக்குக் காட்டித் தலையில் போட்டுக்கொண்டான். எனக்கு யாரும் இதைவிடப் பெரிதாக எதுவும் கொடுத்ததில்லை.

"தீபா எங்கப்பா?"

"கடைசிக் கம்பி முடிச்சை இழுத்துப் பார்த்துட்டு வர்றேன்னாங்க. எங்களை முன்னால அனுப்பிட்டாங்க அஜ்ஜி."

நீங்களும் அப்படித்தானே. மேஸ்திரி என்றால் தன் ஆட்களை எல்லாம் கேஜ் கூண்டில் மேலே ஏற்றிவிட்டுக் கடைசியில்தான் ஏறவேண்டும் என்பீர்கள். பாறை வெடித்த அன்றைக்கும் அவர்களை ஏற்றி அனுப்பினீர்கள். அந்தப் புத்தி இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் வரிக்கு வரி நிமிர்ந்து தெருவைப் பார்க்கிறேன்.

தெரு முனையில் அவள் குரல் கேட்கிற மாதிரி இருக்கிறது. மாதிரிதான். அட்டை ஆணியில் இருக்கும்வரை எனக்குக் குரல் கணக்கில்லை.

உங்கள் டோக்கனை எடுக்க நீங்கள் வரவில்லை. இவள் தன்னுடையதைத் தானே வந்து எடுக்கிறவரைக்கும் நான் இந்த வாசலை விட்டு எழுந்திருக்கமாட்டேன். இன்றைக்கு மட்டுமல்ல, எனக்கு மூச்சு இருக்கிற ஒவ்வொரு ஞாயிறும். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்களுக்காக அன்றைக்கும், உங்கள் பேத்திக்காக இன்றைக்கும் வாசலில் உட்கார்ந்திருக்கிற
உங்கள் மனைவி
கோவிந்தம்மாள்