என் பெயரில் இருக்கும் வீடு

"இம்புட்டுக்காணு கயித்து யாவாரத்துக்கு ஜிஎஸ்டி எதுக்குடா? வரியும் சேத்துச் சொன்னா உசிலம்பட்டிச் சந்தையில எவன் மாட்டுக்கயிறு வாங்குவான்?"

"நம்பர் இல்லாட்டி கப்பலூர் கம்பெனிக்காரன் வாங்க மாட்டேங்கிறானேப்பா!"

"என் வீட்டுல அந்த ஜிஎஸ்டி போர்டெல்லாம் மாட்டக் கூடாது!"

"இது என் வீடும்தான்!"

செல்வம், நேற்று நீயும் உன் அப்பாவும் போட்ட சத்தத்தில் நடுவே நான் பேசியது யார் காதிலும் விழவில்லை.

சமயநல்லூர் சித்தி வீட்டுக்குப் போகிறேன். கருவாட்டுக் குழம்பைச் சுடவைத்துக்கொள். அப்பாவுக்கு வயிறு சரியில்லை, மோர்ச்சோறு போதும். வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு நாகஜோதியிடம் கொடு.

ஆடிட்டர் ஆபீஸ் ஆள் பதினொரு மணிக்குச் சம்மதக் கடிதம் வாங்க வருவார். வீட்டு வரி என் பெயரில் வருவதால், இங்கே கடை நடத்தலாம் என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் நம்பர் கிடைக்குமாம். நீ சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன கடிதத்தை என் பையில் எடுத்துக்கொண்டேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

வருகிறவருக்கு டீ போட்டுக் கொடு. பால் ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

கோபமெல்லாம் இல்லை. நேற்று நான் கேட்டது இதுதான்:

"ஏய்யா, வீட்டுக்காரி நான் இங்கனதான நிக்கிறேன், எனக்குச் சம்மதமான்னு ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் கேட்டீகளா?"