இடப்பக்கம் நோயாளி, வலப்பக்கம் நான்

ஜூலை 8, திங்கள்

கிரேக்கத் தேர்வுத் தாள் திரும்பி வந்தது. எனக்குத் தொண்ணூற்று நான்கு. மீதி ஆறு மதிப்பெண் எங்கே போயிற்று என்று இருமுறை தேடினேன். ஒரு வினைச்சொல்லின் மேல் குறி போட மறந்தேனாம். விரிவுரையாளருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என்னிடம் தாளை நீட்டும்போது எழுந்து நிற்பதா வேண்டாமா என்று அவருக்கே குழப்பம். பாதி எழுந்து, பாதியில் உட்கார்ந்தார்.

பக்கத்து இருக்கையில் ஆராதனைக்குக் கிட்டார் வாசிக்கும் பையன். அவனுக்கு முப்பத்தெட்டு மதிப்பெண். வாயெல்லாம் பல். "பெரியப்பா, போன தடவை முப்பத்தொண்ணு. வளர்றேன் பாத்தீங்களா?"

வகுப்புக்கே நான் பெரியப்பா. இருபத்துநான்கு ஆண்டு கல்லூரியில் வரலாறு போதித்தவனுக்கு ஐம்பத்தொன்றாம் வயதில் கிடைத்த பட்டம். துறைத்தலைமைதான் கிடைக்கவில்லை, அது என் குறிப்புகளை உருப்போட்டுத் தேறிய ஒருவனுக்குப் போயிற்று. மறுவாரமே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு, இந்த இறையியல் கல்லூரியின் விண்ணப்பத்தை வாங்கி வந்தேன். மனைவி அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "மனுஷங்கள்ல சண்டை போட ஆள் தீந்துபோச்சுன்னு கடவுள்கிட்ட போறீங்களா?"

நான்கு ஆண்டுப் படிப்பில் இரண்டாம் ஆண்டு நடக்கிறது. பதில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

மருத்துவமனைப் பயிற்சி அடுத்த வாரம் தொடங்குகிறது. நடத்துபவர் மருத்துவமனையின் போதகரம்மா. நாற்பது வயது இருக்கலாம். சிரிப்பதில்லை, அதனால் மரியாதை வந்தது.

முறை இதுதான். வாரம் இருமுறை நோயாளிகளைப் பார்க்க வேண்டும். திரும்பி வந்ததும் ஒரு சந்திப்பைச் சொல்லுக்குச் சொல் எழுதித் தர வேண்டும். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் நோயாளி சொன்னது, வலப்பக்கம் நாம் சொன்னது. குழுவில் அதைச் சத்தமாக வாசிப்பார்கள். பிறகு உரித்துத் தொங்கவிடுவார்கள்.

"யாரும் அழகுபடுத்தாதீங்க. உளறியிருந்தா உளறினதையே எழுதுங்க. இதுல தேறலைன்னா இந்த வருஷத்தையே திரும்பப் படிக்கணும்" என்றார் போதகரம்மா.

திரும்பப் படித்தால் எனக்குக் கதை முடிந்தது. ஐம்பத்துமூன்று முடிவதற்குள் பட்டம் வாங்கினால்தான் சபை என்னைப் போதகராக ஏற்கும். ஒரு வருடம்கூடக் கையிருப்பில் இல்லை.

ஆனால் கவலைப்படவில்லை. யார், எப்போது, எந்தத் தொனியில் என்ன சொன்னார்கள் என்பதை இருபது முப்பது வருடம் கழித்தும் மூச்சு விட்ட இடம் உட்பட என்னால் சொல்ல முடியும். இந்தப் பாடத்துக்கென்றே பிறந்தவன் நான்.

ஜூலை 16, செவ்வாய்

எலும்பு முறிவு வார்டு. ஒருவர் தலையணையைத் திருப்பிப் போடச் சொன்னார். ஒருவர் என்னை இன்சூரன்ஸ் ஆள் என்று நினைத்துத் தூங்குவதுபோல நடித்தார்.

கிட்டார்க்காரனின் அறிக்கையை வாசித்தார்கள். இடப்பக்கம்: "வலிக்குது." வலப்பக்கம்: "ஆமென்." போதகரம்மா தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு நிமிடம் ஜன்னலைப் பார்த்தார்.

ஜூலை 19, வெள்ளி

ஆறாம் படுக்கை. இடுப்பெலும்பு முறிந்த ஓய்வுபெற்ற போதகர்.

அவரேதான். முடி கொட்டிவிட்டது, பல் போய்விட்டது, அந்தப் புருவம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஐந்தாம் படுக்கையை இரண்டு தடவை நலம் விசாரித்துவிட்டு வந்துவிட்டேன். ஐந்தாம் படுக்கைக்கு ஒரே ஆச்சரியம்.

ஜூலை 20, சனி

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. சபையின் தேர்வுக் குழு. நீள மேசைக்குப் பின்னால் ஏழு பேர், நடுவில் ஒரு தட்டில் பிஸ்கட். என்னை யாரும் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கிருபை என்றால் என்ன, திரித்துவத்தை ஒரு தொழிலாளிக்கு எப்படி விளக்குவாய் என்றெல்லாம் கேட்டார்கள். ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டவர்களே குறிப்பெடுத்தார்கள்.

கடைசியாக இவர். அந்தப் புருவத்தைத் தூக்கி, "தம்பி, உங்க வீட்டுக்குப் பால் ஊத்துறவர் பேரென்ன?"

எனக்குத் தெரியவில்லை.

"பாத்தீங்களா, இவருக்கு எல்லாம் தெரியுது. ஆளுங்களைத்தான் தெரியல." ஏழு பேரும் சிரித்தார்கள். கடிதம் பத்து நாளில் வந்தது. வேறு வேலை பார்க்கச் சொல்லி.

அதன் பிறகு நான்கு வீடு மாறி, ஐந்து பால்காரர்கள். ஐவர் பெயரும் தெரியும். பிள்ளைகள் பெயர், ஊர், உடம்புக்கு என்ன என்பது வரை தெரியும். அன்பால் அல்ல. வன்மத்தால் தெரிந்துகொண்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

போனேன். ஆறாம் படுக்கைக்கேதான் போனேன்.

"ஜெபம் பண்ண வந்தியா தம்பி? சுருக்கமாப் பண்ணு, எனக்கு ஒண்ணுக்கு வருது."

ஐம்பத்தொரு வயதில் இன்னும் தம்பி. நர்ஸ் வந்து போகும்வரை திரைக்கு வெளியே நின்றேன். பிறகு உட்கார்ந்து சொல்லிவிட்டேன். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி தேர்வுக் குழுவுல என்னைத் தள்ளினீங்க ஐயா.

"எத்தனையோ பேரைத் தள்ளியிருக்கேன். நீ எந்தத் தள்ளல்?"

பால்காரர் கேள்வியைச் சொன்னேன். மேசை, பிஸ்கட், சிரிப்பு எல்லாம் சொன்னேன். ஒன்றும் நினைவில்லை அவருக்கு. துளிகூட இல்லை. நான் இருபத்தெட்டு வருஷமா நெஞ்சுல வச்சுப் பொத்திப் பொத்தி வளத்தது — அந்த ஆளுக்கு ஞாபகமே இல்ல! "நானா அப்படிச் சொன்னேன்? இப்ப உன்னைப் பாத்தா, சரியாத்தான் சொல்லியிருக்கேன் போல."

நிதானம் போய்விட்டது. நீங்க பொறுக்கி எடுத்தவங்க லட்சணம் தெரியாதா, ஒருத்தர் பதினோரு வருஷமா ஒரே பிரசங்கத்தை ஊர் ஊரா மாத்திப் பண்றார், இன்னொருத்தர் சாவு வீட்டுல செத்தவர் பேரையே மாத்திச் சொன்னார் என்று அடுக்கினேன். அவரும் விடவில்லை. "நீ மட்டும் என்ன, பொறாமையை அங்கி போட்டு மூடப் பாக்குற" என்றார். வார்டு சிஸ்டர் வந்து, "ரெண்டு பேரும் சத்தத்தைக் குறைங்க, இது ஆஸ்பத்திரி" என்றார். ஐந்தாம் படுக்கை எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

ஜெபிக்காமலே வந்துவிட்டேன்.

ஜூலை 24, புதன்

நாளை அறிக்கை கொடுக்க வேண்டும். கோடு போட்டேன். இடப்பக்கம், வலப்பக்கம்.

நடந்ததை எழுதினால் என்னை அப்போதே வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆகவே நடந்திருக்க வேண்டியதை எழுதினேன். இடப்பக்கம்: "ராத்திரியெல்லாம் தூக்கமில்ல தம்பி. பயமா இருக்கு. இத்தனை வருஷம் செஞ்சதுக்கெல்லாம் ஏதாவது அர்த்தம் இருக்கா?" வலப்பக்கம்: "நான் இங்கேதான் இருக்கேன் ஐயா." மூன்று இடங்களில் அடைப்புக்குறிக்குள் மௌனம் என்று போட்டேன். இந்தப் பாடத்தில் மதிப்பெண்ணே மௌனத்துக்குத்தான்.

மூலச் சான்றைத் திருத்திய மாணவனுக்கு இருபத்துநான்கு ஆண்டு பூஜ்யம் போட்ட கை இது. அரை மணி நேரத்தில் எழுதி முடித்தது.

ஜூலை 26, வெள்ளி

வாசித்தார்கள். கிட்டார்க்காரன் கண்ணைத் துடைத்தான். போதகரம்மா, "இதை எல்லாரும் நகல் எடுத்து வச்சுக்கங்க. மாதிரிக்கு" என்றார்.

அந்த மனிதர் பயம் என்ற சொல்லைச் சாகும்வரை சொல்ல மாட்டார். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூலை 30, செவ்வாய்

காய்ச்சல் என்று சொல்லி மருத்துவமனைக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காலை பதினொரு மணி. ஆறாம் படுக்கையில் அவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கன்னத்தில் எச்சில் வழிந்திருந்தது. அவருடைய மகள் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"நீங்கதான அப்பா மனசைத் திறந்து பேச வச்சது? போதகரம்மா சொன்னாங்க. பயமா இருக்குன்னு அப்பா எங்ககிட்டகூடச் சொன்னதில்லண்ணா. கேட்டதும் அழுகை வந்துடுச்சு."

போதகரம்மா தம் கடமையைச் செய்திருக்கிறார். நோயாளி பயம் என்று சொன்னால் டாக்டருக்குத் தெரிவிப்பது வழக்கமாம். டாக்டர் தம் கடமையைச் செய்திருக்கிறார். காலை ஒன்று, மாலை ஒன்று, மனதை அமைதிப்படுத்தும் மாத்திரை. "எனக்கென்னடி பயம்?" என்று கிழவர் இரண்டு நாள் கத்தியிருக்கிறார். வெளிக்காட்ட வெட்கப்படுகிறார் என்று எல்லோரும் புரிந்துகொண்டார்களாம். இப்போது கத்துவதில்லை. சாப்பாட்டுக்குக்கூட எழுப்ப முடியவில்லை. நடைப் பயிற்சி கொடுக்க வந்தவர் மூன்று நாளாகத் திரும்பிப் போகிறார்.

"அமைதியா இருக்கார்ல?" என்றாள் மகள், தன்னையே கேட்டுக்கொள்வதுபோல. பிஸ்கட் கொடுத்தாள். தின்றேன்.

ஆகஸ்ட் 3, சனி

மனைவியிடம் சொன்னேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டே முழுவதும் கேட்டாள்.

"இருபத்தெட்டு வருஷமா அந்த மனுஷனைத் திட்டிட்டே சாப்பிட்டீங்க. இப்ப மாத்திரை குடுத்துப் படுக்க வச்சாச்சு. திருப்தியா?"

"நான் குடுக்கல. டாக்டர் குடுத்தார்."

"ஆமா. நீங்க எழுத மட்டும்தான் செஞ்சீங்க."

உண்மையைச் சொன்னால் இந்த வருடம் போகும், வருடம் போனால் வயது போகும், அதோடு எல்லாம் போகும் என்றேன். அவள் ஒரு சட்டையின் காலரை நீவிக்கொண்டே, "எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

எனக்குப் போதகர் ஆகணும். இருபத்துமூணு வயசுலயும் வேணும்னு இருந்துச்சு, இப்பவும் வேணும். இதை எவன்கிட்டயும் கிண்டல் பண்ணாம சொன்னதில்ல. இங்கயாவது எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். பிரசங்கத்தில் நான்கு வரலாற்றுப் பிழைகள். எண்ணுவதில் ஆறுதல் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

வகுப்பைத் தவிர்த்துவிட்டு நூலகத்தில் உட்கார்ந்து உண்மையான அறிக்கையை எழுதினேன். பதினொரு பக்கம். ஒண்ணுக்கு வருவதிலிருந்து வார்டு சிஸ்டர் வரை, சொல்லுக்குச் சொல். பொறாமை, அங்கி — அதையும் இடப்பக்கத்தில் எழுதினேன். அதற்கு எதிரே வலப்பக்கத்தில் அன்று நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. காலியாக விட்டேன். நிஜ மௌனம் அந்த ஓரிடத்தில்தான் இருந்திருக்கிறது.

போதகரம்மாவின் அறைக்குக் கொண்டுபோனேன். மூன்றாம் பக்கத்திலேயே தொலைபேசியை எடுத்து, ஆறாம் படுக்கைக்கு மாத்திரை வேண்டாம் என்று டாக்டரிடம் பேசினார். அப்புறம்தான் மிச்சத்தை வாசித்தார்.

"உங்களுக்கு மார்க் போட முடியாது."

"தெரியும் மேடம்."

"அந்த இன்னொரு அறிக்கையை முப்பது பேர் நகல் எடுத்து வச்சிருக்காங்க. நானே எடுக்கச் சொன்னேன்." அவர் முகம் சிவந்திருந்தது. என்னை விட அவருக்குத்தான் அதிக அவமானம் என்று அப்போது உறைத்தது. எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மதிப்பெண் இல்லாதவன் வார்டுக்குள் போகலாமா என்று வாசலில் யோசித்தேன். யாரும் தடுக்கவில்லை.

"எங்கடா போன, சண்டைக்காரா?" முழு விழிப்பு. புருவம் மேலே. "பொய் எழுதி என்னைத் தூங்க வச்சியாமே. மக சொன்னா."

மன்னிப்புக் கேட்டேன். கேட்பது எனக்குப் பழக்கமில்லை. வாக்கியம் கோணலாக வந்தது. அவர் கையை ஆட்டித் தள்ளினார்.

"அது கிடக்கட்டும். அந்தப் பால்காரர் கேள்வி. அப்புறம் ஞாபகம் வந்துச்சு. வர்றவன் எல்லார்கிட்டயும் அதைத்தான் கேப்பேன்."

"என்கிட்டயும் கேட்டீங்க."

"எங்க வீட்டுப் பால்காரர் பேர் எனக்கே தெரியாதுடா. என் சம்சாரம்தான் பால் வாங்குவா."

என்ன செய்வது இந்த மனிதரை? அடிக்கலாம் என்றால் இடுப்பு உடைந்திருக்கிறது. இருபத்தெட்டு வருஷம்! ஐந்து பால்காரர்கள்! எங்கள் இப்போதைய பால்காரரின் முட்டி வலி வரை வரிசையாக எடுத்துச் சொன்னேன். கிழவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஐந்தாம் படுக்கையும் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்துத் தொலைத்தேன்.

கிளம்பும்போது கேட்டார்: "ராத்திரி தூக்கமில்ல, செஞ்சதுக்கெல்லாம் அர்த்தம் உண்டான்னு எழுதினியாமே. யாருக்குடா அந்தப் பயம்?"

"எனக்குத்தான்" என்றேன்.

"சரி, உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். அப்புறம் இருவரும் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

செப்டம்பர் 14, சனி

அவரைப் போன வாரம் மகள் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாராம். இன்று போன் செய்து கிருபையைப் பற்றி நாற்பது நிமிடம் சண்டை போட்டார். அவர் சொல்வது தவறு. புதன்கிழமை மறுபடி கூப்பிடுவதாக மிரட்டியிருக்கிறார்.

அக்டோபர் 4, வெள்ளி

மருத்துவமனைப் பயிற்சியில் தேறியவர்கள் பட்டியலை ஒட்டினார்கள். கிட்டார்க்காரன் தேறிவிட்டான். நான் இல்லை. சபையின் கடிதமும் வந்தது: வயது வரம்பு கருதி என் பெயர் நீக்கப்படுகிறதாம். இரண்டு வரி, அதில் ஓர் எழுத்துப்பிழை. திருத்தித் திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தேன்.

"அனுப்புங்க. அப்பதான் உங்களுக்கு உடம்பு சரியாகும்" என்றாள் மனைவி. அனுப்பவில்லை. அவள் கொஞ்சம் கவலையோடு என்னைப் பார்த்தாள்.

நவம்பர் 12, செவ்வாய்

பயிற்சி முடிந்தும் வார்டுக்குப் போவதை நான் விடவில்லை. ஆறாம் படுக்கையில் புது ஆள். லாரி ஓட்டுபவர், கால் முறிவு, கடுகடுத்த முகம். நான் ஸ்டூலை இழுத்ததும் சந்தேகமாகப் பார்த்தார்.

"நீங்க யாரு? பாஸ்டரா?"

"இல்ல."

"அப்ப உக்காருங்க."