கொட்டகையை விட்டு வராத வேன்

ஸ்லாவிட்சா,

சட்டியில் முட்டைக்கோஸ் உருண்டை இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு. கொட்டகைப் பக்கம் போகாதே என்று எழுத வந்தேன். எப்படியும் போவாய், நானே சொல்லிவிடுகிறேன்.

குளிர்காலம் முழுக்க உள்ளேயே நிறுத்தி, கட்டில், அடுப்பு எல்லாம் வைத்துக் கட்டினேனே, அந்த வேன் வெளியே வரவில்லை. வண்டிக் கூரைமேல் மாட்டிய ஃபேன் கொட்டகை வாசல் நிலையில் இடிக்கிறது. கழற்றவும் முடியாது, பசை இறுகிவிட்டது. வண்டி தாழட்டும் என்று டயரில் காற்றை இறக்கினேன். பக்கத்து வீட்டார் நாலு பேரை உள்ளே உட்கார வைத்தேன். இன்னும் ஒரு விரல் அளவு இடிக்கிறது.

புனித நிக்கோலா விருந்தன்று உன் அண்ணன் மியோட்ராக் சொன்னான்: "ஃபேன அப்புறம் மாட்டுய்யா, முதல்ல வண்டிய வெளிய எடு."

அந்த விருந்துக்கு நாம் யாரையும் அழைப்பதில்லை, வந்தவரை வெளியே அனுப்புவதுமில்லை, அதுதான் வழக்கம். நான் அவனை வெளியே அனுப்பினேன்.

நாளைக் காலை வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நம் தெருவிலேயே கனமான ஆள் அவன்தான். நான் கூப்பிட்டால் வரமாட்டான், நீ கூப்பிடு. பிளம் சாராயம் மேல் தட்டில் இருக்கிறது.

ராடோமிர்

அவனிடம் சிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிடு.

இல்லை, சிரிக்கட்டும். உள்ளே உட்கார்ந்து சிரிக்கட்டும்.