இடது கட்டைவிரல்

அன்புள்ள அத்தைக்கு,

பேப்பர்ல எழுதி, அதைப் போட்டோ புடிச்சு உங்க போனுக்கு அனுப்பறேன். எழுத்து சின்னதா இருந்தா ரெண்டு விரலால இழுத்துப் பெருசாக்கிப் படிங்க. போன்ல பேசினா, பாப்பா சாப்பிட்டாளா தூங்கினாளாங்கறதோட நாம ரெண்டு பேருமே நிறுத்திக்கறோம். அதுக்கு மேல எனக்கு வாய் வர்றதில்லை. உங்களுக்கும் அப்படித்தான்னு நினைக்கறேன்.

கார்டைத் தொலைச்ச கதையை நேத்து அரைகுறையாத்தான் சொன்னேன். இந்த நாட்டுல நான் எடைமேடை சரிபார்க்க வந்த ஃபேக்டரியில, வாசல்லயே ஒரு இரவல் உடுப்பு குடுத்தாங்க. நம்ம சட்டைக்கு மேல மாட்டிக்கறது. குடியிருப்பு கார்டை அதோட மேல் பாக்கெட்டுல வச்சிருந்தேன். வேலை முடிஞ்சதும் கழட்டி, மத்தவங்க போட்ட அழுக்குக் கூடையிலயே நானும் போட்டுட்டேன். லாண்டரிக்காரர் மலை மாதிரி குவிஞ்ச துணிக்கு நடுவுல நின்னுக்கிட்டு, இதுல தேடறதுக்கு நீ புதுசாவே ஒண்ணு வாங்கிடலாம் தம்பின்னு சிரிச்சாரு.

நான் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பறப்பல்லாம் உங்க மக வாசல்ல நின்னு, பாஸ்போர்ட், கார்டு, போன், தலைன்னு ஒவ்வொண்ணாக் கேப்பா. தலை இருக்கான்னு மண்டையில ஒரு தட்டு வேற. இந்தத் தடவை நீங்க பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டு டாட்டா காட்டச் சொன்னீங்க. குறை சொல்லலை அத்தை. நடந்ததைச் சொல்றேன்.

பாஸ்போர்ட் பத்திரமா இருக்கு. ஆனா கார்டு இல்லாம பிளைட்ல ஏத்த மாட்டாங்க. நாங்க குடியிருக்கற நாட்டோட தூதரகம் இங்க ஒண்ணு இருக்கு, நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்காங்க. பத்து விரலையும் மெஷின்ல வச்சு, பழைய பதிவோட ஒத்துப் பாப்பாங்களாம். சரியா இருந்தா, ஒரு தடவை திரும்பிப் போறதுக்கு மட்டும் ஒரு பேப்பர். இல்லைன்னா தலைமை ஆபீஸுக்கு அனுப்பிடுவாங்க. பதில் வர மாசக்கணக்காகும்.

உங்க விசா ஞாயித்துக்கிழமையோட முடியுது. அதுக்குள்ள நான் வரலைன்னா பாப்பாவை யார்கிட்ட விடறது? அம்மா போன இடத்துக்கு அப்பாவும் போயிட்டாரான்னு அவ கேட்டதாச் சொன்னீங்க.

நீங்க கிளம்பறதுக்குள்ள வீடு பூராவும் துடைச்சுக் கழுவிடறேன், அந்த அலமாரிக் கண்ணாடியில இருக்கற பிசுக்கைக்கூட விடப் போறதில்லைன்னு சொன்னீங்க. உங்க இஷ்டம் அத்தை.

இப்படிக்கு,
உங்க மாப்பிள்ளை


அன்புள்ள அத்தைக்கு,

பேப்பர் கிடைச்சிடுச்சு. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுல இருப்பேன். முதல்ல இதைப் பாப்பா காதுல சொல்லிடுங்க. மிச்சத்தை அடுப்பை அணைச்சிட்டு, உட்கார்ந்து படிங்க.

கவுன்டர்ல இருந்த அம்மாவுக்கு உங்க வயசு இருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயித்துல கட்டிக் கழுத்துல தொங்க விட்டிருந்தாங்க. வலது கை அஞ்சு விரலுக்கும் பச்சை விளக்கு எரிஞ்சுது. இடது கையில நாலு பச்சை. கட்டைவிரலுக்கு மட்டும் சிவப்பு. துடைச்சு வச்சேன், ஊதி வச்சேன், அப்பவும் சிவப்பு. பதிவுல இருக்கறது உங்க விரலே இல்லைன்னாங்க அந்தம்மா. உங்க பேர்ல இன்னொரு ஆள் இருக்காங்க, இனி இது என் கையில இல்லை, மேலதான் அனுப்பணும்னாங்க.

பாப்பா மூஞ்சிதான் முன்னால வந்துச்சு. அப்புறம் என்னவோ தோணி, என் பதிவுல இருக்கற அந்த விரல் வேற யார் பதிவுலயாவது இருக்கான்னு தேடிப் பாருங்க மேடம்னு கெஞ்சினேன். முறைச்சுக்கிட்டே ஒரு பட்டனைத் தட்டினாங்க. கோடிக்கணக்கான விரல் கிடக்கற இடம் அத்தை அது. ரெண்டு மூச்சு விடறதுக்குள்ள ஒரே ஒரு பேர் வந்து நின்னுச்சு. உங்க மக பேரு.

உடனே ஞாபகம் வந்துடுச்சு. நாங்க முதமுதல்ல கார்டுக்குப் போன அன்னைக்கு, எப்பவும் பெட்ரோல்லயும் எண்ணெயிலயும் கிடக்கற என் கட்டைவிரலை மெஷின் எடுக்கவே இல்லை. பின்னால வரிசை முணுமுணுத்துச்சு. அவ, உங்க விரல்கூட உங்களை மாதிரியே, சட்டுன்னு யார்கூடவும் ஒட்டாதுன்னு சொல்லிட்டு, இப்படி அழுத்தணும்னு காட்டறதுக்குத் தன் விரலை வச்சா. பச்சை விளக்கு எரிஞ்சுது. அங்க இருந்த ஆபீசர் தலையைக்கூடத் தூக்காம, அடுத்த ஆள் வாங்கன்னுட்டாரு. படியிறங்கி வர்ற வரைக்கும் சிரிச்சோம். இனிமே என்னை விட்டுட்டு எந்த நாட்டுக்குள்ளயும் போக முடியாது பாத்துக்குங்கன்னு சொன்னா.

உள்ளே இருந்து பெரிய ஆபீசர் வந்தாரு. கதையைக் கேட்டு அவருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அவ்வளவுதானே, உங்க மனைவிக்கு இப்பவே போன் போடுங்க, அவங்க ஆமான்னு சொன்னாப் போதும்னாரு. நான், அவ இல்லை சார்னேன். எப்ப வீட்டுக்கு வருவாங்கன்னு கேட்டாரு. இறந்துட்டான்னு அப்பத்தான் சொன்னேன். இத்தனை நாள்ல அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. எடை பாத்துச் சொல்ற மாதிரித்தான் அதையும் சொன்னேன்.

அந்தம்மா அவ பதிவைத் திறந்து ஒத்துப் பாத்துட்டு, என் பதிவுல இருந்த விரலைப் பெருசாக்கி, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாங்க.

அத்தை, எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. திரை முழுக்க அவ விரல். வயல்வரப்பு மாதிரி கோடு வளைஞ்சு வளைஞ்சு ஓடுது, நடுவுல சுழி. குறுக்கே ஒரு தழும்பு. சின்ன வயசுல ஜன்னல்ல நசுக்கிக்கிட்டாளே, நீங்க இன்னமும் அந்த ஜன்னலைத் திட்டுவீங்களே, அதுதான். கோட்டு மேலெல்லாம் புள்ளி புள்ளியா வியர்வைத் துளை. அது என்னன்னு எங்கேயோ படிச்சிருக்கேன். உயிரோட, சூட்டோட ஒருத்தி அழுத்தி வச்ச விரல். அந்த நிமிஷம் அவளுக்கு வியர்த்திருக்கு. நான் இத்தனை வருஷமா எது எதையோ அளந்திருக்கேன். இவ்வளவு பெருசா ஒண்ணை என் ஜென்மத்துல பாத்ததில்லை.

கவுன்டர் கண்ணாடிக்கு அடியில அந்தம்மா ஒரு டிஷ்யூவைத் தள்ளினாங்க. விரலைத் துடைக்கச் சொல்றாங்கன்னு நினைச்சு விரலைத் துடைச்சேன். அவங்க தலையை ஆட்டிட்டு, மூஞ்சியைக் காட்டினாங்க.

ஒன்பது விரல் உன்னுது, பத்தாவது யாருதுன்னும் தெரிஞ்சுபோச்சு, போய்க் குழந்தையைப் பாருன்னு பெரிய ஆபீசர் கையெழுத்துப் போட்டாரு. ஆனா தப்பான விரலை அப்படியே விட முடியாதாம். என்னுதை வச்சா, அவளுது என் பதிவுல இருந்து அழிஞ்சிடும். இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்னு கேட்டேன். அந்தம்மா வரிசையில அடுத்து நின்னவரை இருங்கன்னு சொல்லிட்டு, பேனாவைத் திறக்கறதும் மூடறதுமா உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் நானே வச்சேன். எப்பவும் அடம் புடிக்கற மெஷின், அன்னைக்குன்னு பாத்து முதல் தடவையிலயே எடுத்துக்கிச்சு.

அத்தை, அவ போன அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் அழாம கல்லு மாதிரி நின்னது உங்களுக்கு ஆறவே ஆறாதுன்னு எனக்குத் தெரியும். வந்து பேசறேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். வீட்டை எவ்வளவு வேணும்னாலும் கழுவுங்க. அந்த அலமாரிக் கண்ணாடியை மட்டும் விட்டுடுங்க. தலை வாரறப்ப அவ இடது கையை அதுல ஊனிக்கிட்டுத்தான் நிப்பா. வந்த அன்னைக்கே இதென்ன பிசுக்குன்னு கேட்டீங்களே, அது அவ கைதான்.

ஏற்கனவே துடைச்சிட்டீங்கன்னா பரவாயில்லை. எங்கிட்ட சொல்ல வேண்டாம். துடைக்கலைன்னா, நான் வர்ற வரைக்கும் பாப்பா கை அதுல படாம பாத்துக்குங்க. நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்க.

உங்க மகன் மாதிரி,
மாப்பிள்ளை